சனிக்கிழமைக் கசப்பு

"ஏழு வயசுல உன்னை யாரும்மா பயமுறுத்தினாங்க?"

கோதைக்குச் சிரிப்பு வந்தது. "என்னையா மேடம்? பேய்ப் படம் ஓடுறப்போ பக்கத்து சீட்டுக்காரன் பாப்கார்னையும் சேர்த்துத் தின்னுட்டு வர்ற ஆள் நான்."

டெஸ்ட் அதிகாரி எஸ்தர் சிரிக்கவில்லை. மேஜைத் திரையைக் கோதையின் பக்கம் திருப்பினாள். கறுப்பில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. கோதை பிறந்ததிலிருந்து போன வாரம் வரைக்குமான வாழ்க்கை. பரீட்சைக் காலங்களில் லேசாகத் தலைதூக்கி, அம்மா இறந்த வருஷம் கொஞ்சம் எம்பி, மற்றபடி சமர்த்தாகப் போகிற கோடு. ஏழு வயதில் ஆரம்பித்து ஒன்பது வரைக்கும் மட்டும் ஒரு மலை.

"இது என்ன?"

"அதை நீதான் சொல்லணும்."

தழும்பு டெஸ்ட். அதற்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயரை யாரும் உபயோகிப்பதில்லை. பயப்படும்போது உடம்பு கார்ட்டிசால் என்கிற ஹார்மோனைக் கொட்டுகிறது. அது அடிக்கடி, அளவுக்கு மீறி வந்தால் நம் ஜீன்களின் மேல் சின்னச் சின்ன ரசாயனப் பொட்டுகளை ஒட்டிவிட்டுப் போகிறது. மனசு மறந்தாலும் பொட்டு உதிராது. எந்த வயதில் ஒட்டிய பொட்டு என்று பிரித்துப் படிக்க வழி கண்டுபிடித்தார்கள். ஒரு விடுதியில் நாற்பது பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரே வருஷத்து மலை தெரிந்து, வார்டன் மாட்டினான். நாடே கொதித்தது. சட்டம் வந்தது. அதற்கப்புறம் போலீஸ், விமானம், பள்ளிக்கூடம், எதில் சேர்வதானாலும் தழும்பு டெஸ்ட். மலை இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் ஒரு மனிதர் என்றால் பெயர் சொல்ல வேண்டும். விசாரித்து, அந்தப் பெயரைப் பட்டியலில் ஏற்றுவார்கள். பட்டியலை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம்.

கோதைக்கு வேண்டியது 'சங்கு'. மூன்று பேர் முழங்காலை மடக்கி உட்காரக்கூடிய ஓர் உலோக உருண்டை. கடலுக்குள் ஆறு கிலோமீட்டர் ஆழம் போய்வரப் போகிறது. ஓட்டுநர் இருக்கைக்கு அவள் பெயர்தான் பலமாக அடிபட்டது. விண்ணப்பத்தில் கேட்டிருந்த வியாதிகளை எல்லாம், வலிப்பு, இழுப்பு, இதயக் கோளாறு என்று ஒவ்வொன்றாக ஊரிலிருக்கும் ரெங்கமன்னார் மாமாவுக்குப் போனில் வாசித்துக் காட்டியிருந்தாள். "இதுல ஒண்ணு எப்பவோ இருந்துச்சுன்னாலும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மாமா. நமக்குத்தான் ஒண்ணும் கிடையாதே!"

கொஞ்சம் பொறுத்து மாமா சொன்னார்: "ஆமா பாப்பா. உனக்கு ஒண்ணும் கிடையாது."

எஸ்தர் தொண்டையைச் செருமினாள். "சின்ன வயசுல பெரிய வியாதி, தொடர்ந்து மருந்து, ஸ்டீராய்டு, அப்படி ஏதாவது?"

"தலைவலித் தைலம்கூடக் கிடையாது மேடம்."

"அப்ப இது பயம்தான். காரணம் தெரியாத பயத்தோட யாரையும் கீழ அனுப்ப மாட்டாங்கம்மா. ஆறு கிலோமீட்டர் ஆழத்துல அந்த ஏழு வயசு திடீர்னு முழிச்சுக்கிச்சுன்னா? கூட இருக்கற ரெண்டு பேரோட கதி?"

"காரணம் தெரிஞ்சா?"

"பேர் சொல்லிட்டாலே பாதி குணம். நாலு தடவை உக்காந்து பேசுவோம். நானே ஓகே பண்ணி அனுப்பிடுவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. கண்ணை மூடு. ஏழு வயசு. யார் கூட இருக்க?"

மூடினாள். அருப்புக்கோட்டை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவளை 'பூரி' என்று கூப்பிட்டார்கள். முகம் அந்த அளவுக்கு உப்பலாக இருந்த வயசு. அப்பா துபாயில். அம்மா எந்நேரமும் கவலையில். சனிக்கிழமை. பஸ். ஜன்னலோரம்.

"பக்கத்துல யாரு?"

"மாமா. அம்மாவோட தம்பி. டெய்லர். அவர்தான் என்னைத் தூக்கி வளர்த்தவர்."

"பஸ்ஸை விட்டு இறங்கி எங்க போறீங்க?"

"ஒரு வீடு. உள்ள இருட்டா இருக்கும். புகை வாசனை. மாமா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்குவார்."

"ஏன்?"

"வாயில ஏதோ..." கோதை கண்ணைத் திறந்துவிட்டாள். "கசப்பா. அழுவேன். வெளிய வந்ததும் சீனிச்சேவு வாங்கிக் குடுப்பார். யார்கிட்டயும் சொல்லக் கூடாது பாப்பாம்பார்."

எஸ்தர் எழுந்து ஏசியைக் குறைத்தாள். அவள் இந்த மாதிரிக் கதைகளை நிறையக் கேட்டவள். எல்லாவற்றிலும் ஓர் இருட்டறை வரும். எல்லாவற்றிலும் ஒரு மிட்டாய் வரும்.

"மாமா அப்படி இல்ல மேடம்."

"எல்லாரும் முதல்ல சொல்றது இதைத்தாம்மா," என்றாள் எஸ்தர் வருத்தமாக.

அன்று சாயங்காலம் கோதை போன் போட்டாள். "மாமா, நான் சின்னப்பிள்ளையா இருக்கறப்போ சனிக்கிழமை சனிக்கிழமை என்னை எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"எதுக்குக் கேக்குற பாப்பா?"

"சொல்லுங்க."

"எங்கயும் இல்லையே."

மாமா பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அதனாலேயே அந்தப் பொய் பளிச்சென்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவள் மாமாவின் பெயரைச் சொன்னாள்.

* * *

விருதுநகரில் விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். எதிரே ரெங்கமன்னார், தானே தைத்த வெள்ளைச் சட்டையில். அவசரத்தில் இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து வந்திருந்தார். கோதை பக்கவாட்டில், 'சங்கு' நிறுவனத்தின் நீலக் கோட்டு அணிந்து.

"கல்யாணம் ஆகலை உங்களுக்கு?"

"இல்லய்யா."

"ஏன்?"

"அமையலய்யா."

எழுதிக்கொண்டார்கள். அதுவும் ஒரு சாட்சியாகிவிட்டது.

"வாராவாரம் குழந்தையை எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"பிள்ளைக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணலய்யா."

"அதைக் கேக்கலை. எங்க போனீங்க? ஒரு ஊர்ப் பேரு. அவ்வளவுதான்."

ரெங்கமன்னார் வாயைத் திறந்தார். கோதையைப் பார்த்தார். சரியாகச் சொன்னால் கோதையின் கோட்டைப் பார்த்தார். நெஞ்சுப் பக்கம் வெள்ளை நூலில் ஒரு சங்கு போட்டிருந்தது. அதன் மேலேயே அந்த டெய்லரின் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"ஞாபகம் இல்லய்யா," என்றார்.

பெயர் ஏறியது. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்த மனிதர். மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தோள், மார்பு, உயரம் என்று அளவெடுத்த கை. அந்தக் கையைத்தான் ஊர் இப்போது பேசியது. பாதி தைத்த துணிகளைத் தாய்மார்கள் வந்து வாங்கிப் போனார்கள். கடை ஷட்டரில் எவனோ சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வார்த்தை எழுதினான். அவர் துடைத்தார். மறுபடி எழுதினான். பிறகு அவர் துடைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் இதையெல்லாம் படம் பிடித்துக் கோதைக்கு அனுப்பினார்கள். அவள் திறந்து பார்க்கவில்லை. 'சங்கு'வில் ஓட்டுநர் இருக்கை அவளுக்குக் கிடைத்திருந்தது.

* * *

இரண்டு வருஷம் பயிற்சி. கடைசிக் கட்டத்துக்காகக் கப்பல் நடுக்கடலில் நின்றது. பெரிய முழுக்குக்கு இன்னும் சில வாரங்கள். மதியச் சாப்பாட்டில் இறால் தொக்கு. அரை மணியில் கோதையின் கழுத்தெல்லாம் தடித்துப்போனது.

கப்பல் டாக்டர் இக்பால் வாயாடி. "கடலுக்குள்ள போய் இறாலை நலம் விசாரிக்கப் போற ஆளு. அதுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டா எப்படி?" ஊசி போட்டுவிட்டு மாத்திரைகளை நீட்டினார். "லபக்குனு முழுங்கிடு."

கோதை தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்குள் மாத்திரை நாக்கில் கரைய ஆரம்பித்தது.

"ஐயோ, கரைய விட்டுட்டியா? மருந்துக் கடையிலயே அதைவிடக் கசப்பு கிடையாது. ஸ்டீராய்டு..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்னாச்சு?"

"இதை நான் சாப்பிட்டிருக்கேன் டாக்டர்."

"எப்ப?"

"ஏழு வயசுல. ஒரு இருட்டு வீட்டுல."

இக்பாலின் முகத்திலிருந்து கிண்டல் போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப முகம் உப்பியிருந்துச்சா?"

"பூரின்னு கூப்பிடுவாங்க."

"மூச்சு இழுக்குமா?"

"இல்ல. சளி பிடிக்கும். சளின்னுதான் அம்மா சொல்லுவாங்க. தலகாணியை அடுக்கி என்னை உக்கார வெச்சே தூங்க வெப்பாங்க."

"சளிக்கு யாரும் உக்காந்து தூங்க மாட்டாங்கம்மா. அது இழுப்பு, ஆஸ்துமா. நாட்டு மருந்துன்னு சொல்லி, பொடியில இந்த மாத்திரையை இடிச்சுக் கலந்து குடுக்கற ஆளுங்க அப்ப இருந்தாங்க. குடுத்ததும் இழுப்பு மந்திரம் போட்ட மாதிரி நிக்கும். கைராசிக்காரர்னு பஸ் பிடிச்சு ஜனம் போகும். பிள்ளைங்க முகம் மட்டும் உப்பிக்கிட்டே வரும்."

கோதை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், இதுவும் கார்ட்டிசாலும்..."

"அண்ணன் தம்பி. வந்தது யாருன்னு உடம்பு முகத்தைப் பார்க்காது. சாவி பொருந்துதான்னுதான் பார்க்கும். பொருந்தினா கதவைத் திறந்து விட்டுடும்."

"பொட்டும் ஒட்டுமா?"

"ஒட்டும்."

"அப்ப தழும்பு டெஸ்ட்?"

"டெஸ்ட் பயத்தை எங்கம்மா பார்த்துச்சு? ஹார்மோன் நடந்துபோன தடத்தைப் பார்த்துச்சு. அதுக்குப் பயம்னு பேர் வெச்சது நாம. ஆனா, ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கியான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க," என்றாள் கோதை. "இல்லைன்னு சொன்னேன்."

* * *

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சிவப்புப் பெயின்ட் வார்த்தை மங்கலாக இன்னும் இருந்தது. லீவு போட்டுக் கரைக்கு வந்திருந்த கோதை குனிந்து உள்ளே போனாள்.

ரெங்கமன்னார் அரிசி மண்டிக்குத் துணிப்பை தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ஏதோ நேற்றுதான் பார்த்த மாதிரி, "வா பாப்பா. சாப்ட்டியா?" என்றார்.

"வாராவாரம் வைத்தியர்கிட்டயா மாமா கூட்டிட்டுப் போனீங்க?"

பெடலில் கால் நின்றது. "யாரு சொன்னா?"

"நாக்கு சொல்லுச்சு."

மாமா நூல்கண்டைத் திருகினார். "மருதங்குளத்து வைத்தியரு. அவரும் செத்துப் பத்து வருசம் இருக்கும். உங்கம்மா சத்தியம் வாங்கிட்டா. பொட்டப்பிள்ளைக்கு இழுப்புன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்னு. உள்ளூர் டாக்டர்கிட்டப் போனா ஒரே நாள்ல தெருவுக்கே தெரிஞ்சிரும். உனக்கே தெரியக் கூடாதுன்னுட்டா. பிள்ளை வாய் சும்மா இருக்காதுல்ல? கசக்குன்னு துப்புவ. கையைப் பிடிச்சாத்தான் உள்ள போகும். அதுக்குத்தான் பிடிச்சேன்."

"விசாரணையில இதைச் சொல்லியிருக்கலாமே! அம்மா போயாச்சு. நானும் கல்யாணம் வேண்டாம்னு எப்பவோ சொல்லியாச்சு. அந்தச் சத்தியத்துக்கா மாமா?"

"சத்தியத்துக்கு இல்ல." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "நீதான போன்ல வாசிச்ச? வலிப்பு, இழுப்பு, ஒண்ணு இருந்தாலும் அனுப்பிருவாங்கன்னு? அந்தாளு எந்த ஊருன்னு கேக்கறப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. உன் கோட்டுல சங்கு போட்டிருந்துச்சு பாப்பா. நல்ல கைவேலை. முழுங்கிட்டேன்."

கோதை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொடியில என்ன கலந்திருந்தான்னு எனக்குத் தெரியாது. அதைத் தின்னா மெஷின் பயம்னு காட்டும்னும் தெரியாது. மெஷின் பொய் சொல்லாதுன்னாங்க. அப்ப எவனோ உன்னை என்னவோ பண்ணியிருக்கான், பக்கத்துலயே இருந்தும் நான் பார்க்காம விட்டுட்டேன்னு நினைச்சேன். எவன்னு எவன்னு ஒவ்வொரு மூஞ்சியா நினைச்சுப் பார்த்துட்டு இருப்பேன். தூக்கமே வராது." அவர் மூக்கை உறிஞ்சினார். சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப ஒருத்தனும் ஒண்ணும் பண்ணலையா உன்னை?"

"இல்ல மாமா."

"அது போதும் பாப்பா."

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்."

"கிறுக்கா உனக்கு? முதல்ல கடலுக்குள்ள போயிட்டு வா. என் பேரு எங்க ஓடிரப் போகுது? பட்டியல்லதான கெடக்கும்!"

"மாமா..."

"சொல்றதைக் கேளு. ரெண்டு வருசம் கடையை மூடிட்டு உக்காந்தது எதுக்கு? நீ போகாம இருக்கவா?"

அவள் கேட்கவில்லை.

* * *

அதே அறை. அதே ஏசி. மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோதை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். இருட்டு வீடு, புகை, பொடி, செத்துப்போன வைத்தியர். இக்பாலும் சோதித்துச் சொல்லியிருந்தார்: ஒரு மருந்தை மூச்சோடு இழுக்க வைத்ததில் பழைய இழுப்பு எட்டிப் பார்த்துவிட்டது. எஸ்தர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எத்தனை பேருக்கு இப்படிப் பேர் எழுதினேனோ," என்றாள் கடைசியில், தனக்குத்தானே.

அன்று மத்தியானமே 'சங்கு'வில் கோதையின் இருக்கை இன்னொருத்தருக்குப் போய்விட்டது. அவள் கோட்டைக் கழற்றி மடித்து எஸ்தரின் மேஜையில் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ரெங்கமன்னார் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"ஐயா, உங்க பேரை எடுத்துடறேன்," என்றாள் எஸ்தர். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. தப்பாப் பேர் ஏறினவங்களோட ரத்தத்தையும் வாசிக்கணும். காலையில எடுத்தோமே, அது."

திரையில் ஒரு மஞ்சள் கோடு. டெய்லரின் அறுபது வருஷம். அக்கா இறந்தபோது ஒரு மேடு. மற்றபடி தரையோடு ஒட்டிப் போகிற கோடு. கடைசி இரண்டு வருஷத்துக்கு வந்ததும் அது செங்குத்தாக எழுந்து திரையை விட்டே வெளியே போயிருந்தது. முழு மலையும் தெரிவதற்காக எஸ்தர் படத்தைச் சின்னதாக்கினாள். இன்னும் சின்னதாக்கினாள்.

கோதைக்குத் தன்னுடைய மலை ஞாபகம் வந்தது. இதற்குப் பக்கத்தில் அது ஒரு மணல் குவியல்.

"காரணம் யாருன்னு நீங்க சொல்லணும்யா," என்றாள் எஸ்தர். "மனுஷங்கதான் காரணம்னா அந்தப் பேர் பட்டியல்ல ஏறும்."

"தெரியாமச் செஞ்சிருந்தாலும்?" என்றார் ரெங்கமன்னார்.

"தழும்பு விழுந்திருந்தா, தெரிஞ்சு தெரியாமங்கறதெல்லாம் விதியில இல்லைய்யா."

கோதை நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "என் பே..."

மாமாவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். கசப்பைத் துப்பாமல் இருக்கப் பிடிக்கிற பிடி.

"பயமா? எனக்கா?" ரெங்கமன்னார் பக்கென்று சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எனக்கு இழுப்பு. எங்க வம்சத்துலயே உண்டு, இந்தப் பிள்ளைக்கும் வந்துச்சுல்ல? ரெண்டு வருசமா நாட்டு மருந்து தின்னேன். அதான் உங்க மெஷின்ல அப்படிக் காட்டுது."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"மருதங்குளத்து வைத்தியர்கிட்ட. பொடி. ஒரே கசப்பு."

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வைத்தியர் செத்துப் பத்து வருஷம் ஆயிற்று என்பதை இதே அறையில், அன்று காலையில்தான் கேட்டிருந்தாள். ரெங்கமன்னார் அவள் கண்ணைப் பார்த்தபடியே இருந்தார். பொய் சொல்லப் பழகாத முகம். இருந்தாலும் அசையவில்லை.

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள், "என்ன மருந்துன்னு போடட்டும்யா?"

"இழுப்பு மருந்துன்னு போட்டுக்கம்மா."

போட்டாள்.

வெளியே நீளமான வராந்தா. கோதை அழுதுகொண்டே வந்தாள். "ஏன் மாமா? எதுக்கு மாமா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள்.

"வாயை மூடிட்டு வா. ஜனம் பார்க்குது. கடல் இல்லைன்னா என்ன, ஊருக்கு வா. ஜாக்கெட் தைக்கக் கத்துத் தர்றேன். அதுக்கும் உனக்குப் பொறுமை கிடையாது." நடந்துகொண்டே போனைக் காட்டினார். "இங்க பாரு, எடுத்துட்டாங்க. என் பேரு இல்ல."

உண்மைதான். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பெஞ்சில் அம்மாவோடு டெஸ்டுக்குக் காத்திருந்த ஒரு சின்னப் பெண்ணின் மடியிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவி விழுந்தது. உருண்டு உருண்டு ரெங்கமன்னாரின் செருப்பில் முட்டி நின்றது. சீருடை போட்ட பெண். ஆறு, ஏழு வயசு இருக்கும். கையை நீட்டிக்கொண்டு அவரிடமே ஓடிவந்தாள்.

அவர் சட்டென்று இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நெற்றியில் குப்பென்று வியர்த்திருந்தது.

"நீ எடுத்துக் குடு பாப்பா," என்றார் கோதையிடம்.